துரைராஜ் திரும்பப் பெற்ற இலை

செஞ்சிக் கடைத்தெருவில் ஸ்ரீநிதி ஸ்டுடியோ வைத்திருக்கும் துரைராஜுக்கு உலகத்தின் மேல் ஒரே ஒரு மனக்குறைதான். அது போட்டோவுக்கு ஒழுங்காக நிற்பதில்லை. தாலி கட்டும் நேரம் பார்த்து மாப்பிள்ளை கண்ணை மூடிவிடுவான். பெண்ணின் சித்தப்பா கொட்டாவி விடுவார். ராஜகிரிக் கோட்டையைப் பின்னால் வைத்து ஜோடியை நிறுத்தினால் எங்கிருந்தோ ஒரு குரங்கு வந்து நடுவில் உட்கார்ந்து சொறிந்துகொள்ளும். இதெல்லாம் கடவுள் அவசரத்தில் விட்டுப்போன வேலை என்று எடுத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷமாக அவர், முதலில் கத்தரியாலும் பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தும், முடித்துக் கொடுத்துவந்தார். மூடிய கண் திறக்கும், கொட்டாவி புன்னகையாகும், குரங்கு இருந்த இடத்தில் புல் முளைக்கும்.

இதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பொய் என்பது வாயால் சொல்வது, மௌஸால் செய்வது எப்படிப் பொய்யாகும்? பாத்திரக்கடைக் குடும்பம் அவருடையது. குடத்தில் சொட்டை இருந்தால் தட்டி நிமிர்த்திவிட்டுத்தான் அவருடைய நைனா கிராக்கி கையில் கொடுப்பார். அந்தக் கை அப்படியே மகனுக்கும் வந்துவிட்டது, பாத்திரத்துக்குப் பதில் முகம்.

அவருடைய திறமைக்குச் சாட்சி, ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்த அவருடைய கல்யாணப் படம். எடுத்தது ஒரு சிநேகிதர். கழுவி, வெட்டி, ஒட்டியது மாப்பிள்ளையே. பின்வரிசையின் வலக்கோடியில் நிற்பவன் மணப்பெண் நீலாவதியின் அண்ணன் எழிலன். உண்மையில் எழிலன் கல்யாணத்துக்கே வரவில்லை. பத்திரிகையில் தன் பெயரை இரண்டு வரி கீழே இறக்கிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு தன் ஊரான வல்லத்திலேயே தங்கிவிட்டான். துரைராஜ் விடுவாரா? வல்லம் கிரிக்கெட் டீம் போட்டோ ஒன்றிலிருந்து அவன் தலையைக் கத்தரித்து, யாரோ ஒரு பெரியப்பா உடம்பின்மேல் ஒட்டி, மறுபடி படமெடுத்துப் பிரேம் போட்டார். அதனால் எழிலன் மட்டும் அந்தரத்தில் வருகிற ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்று வருஷம் கழித்துச் சமாதானமானபின், அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, தான் கல்யாணத்துக்கு வந்ததாகவே எழிலன் நம்பத் தொடங்கிவிட்டான். அன்றைக்குப் பாயசத்தில் உப்பு விழுந்ததைப் பொங்கலுக்குப் பொங்கல் வந்து வர்ணிப்பான். அப்படி எந்த உப்பும் விழவில்லை.

அந்தப் படத்தில் துரைராஜுக்கு ஒரே குறை, மணப்பெண். எல்லோரும் கேமராவைப் பார்க்க, நீலாவதி மட்டும் எங்கோ ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்துக் கத்தரியால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. கட்டிய புருஷனையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை என்று இன்றுவரை அவருக்கு உள்ளுக்குள் ஒரு சுணக்கம்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஷோபனா இலையைக் கொண்டுவந்தாள். தொண்டூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் தாண்டவராயனின் மகள் அவள். ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தாள். மல்லாட்டைச் செடியில் வரும் இலைப்புள்ளி நோய்க்கு நொச்சி இலைச் சாறு கேட்குமா என்பது அவள் கேள்வி. அப்பாவின் நிலத்தில் இரண்டு பாத்தி பிடித்து, ஒன்றுக்கு நொச்சிச் சாறும் மற்றொன்றுக்கு வெறும் தண்ணீரும் தெளித்தாள்.

"போன்ல எடுத்தா புள்ளி தெளிவா வர்ல ண்ணா. சாறு தெளிச்ச பதினஞ்சாம் நாள், முப்பதாம் நாள், நாப்பத்தஞ்சாம் நாள் நீங்க வந்து எடுத்துக் குடுங்க. இலையைக் கிள்ளி வெள்ளைத் தட்டுல வெப்பேன், பக்கத்துல ஸ்கேல் இருக்கும். மேலேருந்து எடுத்தா போதும். அதை வெச்சி கம்ப்யூட்டர் புள்ளியை அளந்துடும்."

"மேக்கப்பு இன்னா மாதிரி வேணும்?" என்று கேட்டார் துரைராஜ்.

ஷோபனா சிரித்துவிட்டுப் போனாள். அவர் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டாள். வினையே அங்கேதான் தொடங்கியது.

முப்பதாம் நாள் ஆவணி முகூர்த்தத்தில் வந்து விழுந்தது. மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, பந்தியும் முடிந்து, பீடா வாயோடு துரைராஜ் வண்டியை விரட்டிக்கொண்டு தொண்டூர் போய்ச் சேர்ந்தபோது வயலில் நல்ல காற்று. எடுத்தார், வந்தார். எல்லாப் படத்தையும் மொத்தமாக பென்டிரைவில் போட உட்கார்ந்த அன்றுதான் பார்த்தார், நொச்சிப் பாத்தியின் முப்பதாம் நாள் இலைகளில் ஒன்றின் படம் மங்கலாக ஆடிப்போயிருந்தது. ஒரு பெண் நம்பி ஒப்படைத்த வேலை. ஆடிப்போய்விட்டது என்று சொன்னால் அவள் மனசு என்ன பாடுபடும்?

நாற்பத்தைந்தாம் நாள் இலை ஒன்றை எடுத்தார். இடவலமாகத் திருப்பினார். நாலு புள்ளியைத் துடைத்துப் பதினைந்து நாள் இளமையாக்கினார். ஸ்கேலில் நம்பரும் திரும்பிவிடுமே என்று அதை மட்டும் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டினார். தொழில் சுத்தம் அப்படி. அதோடு நிறுத்தினாரா? தண்ணீர் தெளித்த பாத்தியின் இலைகளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. முகமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. வரன் பார்க்க அனுப்பும் படத்தில் பருவை அழிக்காமல் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. பத்து இலைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் கை வைத்தார். பிறகு வழக்கம்போல் கேமரா கார்டைக் காலி செய்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

"வித்தியாசம் இருக்குது. ஆனா நான் கண்ணால பாத்த அளவுக்கு இல்லியே" என்று ஷோபனா கொஞ்சநாள் முணுமுணுத்தாள். இருந்த வித்தியாசத்தை வைத்துக் கட்டுரை எழுதினாள். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதை வெளியிட்டது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், புகைப்படம் துரைராஜ், செஞ்சி என்று இருந்தது.

துரைராஜ் தரையில் நடக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நீலாவதியிடம் கொடுத்து லேமினேஷன் செய்து, கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்கள்கூட அதைப் படிக்காமல் போக முடியாது. "இலைக்கு நம்ம கை பட்டா இங்கிலாந்து வரைக்கும் போவுது" என்பார்.

ஏழு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் ஷோபனா வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. போனில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"அண்ணா, இது ரெண்டும் ஒரே இலையா?"

"ஒரே வயல் இலம்மா. அண்ணன் தம்பி மாதிரி ஜாடை இருக்கத்தான் செய்யும்."

"ஜாடை சரி. பூச்சி கடிச்ச எடங்கூடவா ஒண்ணா இருக்கும்? இதுல இடப்பக்கம், அதுல வலப்பக்கம்."

"அதே பூச்சியா இருக்கும்" என்றார் துரைராஜ்.

ஷோபனா சிரிக்கவில்லை. போலந்து நாட்டில் யாரோ ஒரு வாசகர் இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டாராம். ஒரிஜினல் படங்களை முப்பது நாளைக்குள் அனுப்பச் சொல்லி இதழிலிருந்து கடிதம். அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டதைப் பார்த்ததும் துரைராஜின் கெட்டிக்காரத்தனமெல்லாம் இறங்கிப்போனது.

"ஆடிப்பூட்ச்சிம்மா. உனுக்கு வருத்தமா இருக்குமேன்னு நாந்தான்..."

"ஒரிஜினலு?"

"முகூர்த்தம் முடிஞ்சா கார்டு காலி. ஒனக்குத் தெரியாதா?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நீலாவதி லேமினேஷன் மெஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இப்ப இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார் துரைராஜ்.

"சின்னத் தப்பு, ஒரிஜினலு இருக்குதுன்னா, திருத்தம்னு ஒண்ணு போட்டு வுட்டுடுவாங்க. அளவையே நம்ப முடியாதுன்னா கட்டுரையைத் திரும்ப வாங்கிடுவாங்க. வேணும்னு ஏமாத்தினாலும் வாங்குவாங்க, தெரியாம தப்பு நடந்தாலும் வாங்குவாங்க. ஏன் வாங்கினோம்னு காரணம் எழுதுவாங்க பாருங்க, அதுலதாண்ணா என் உசுரு இருக்குது. எழுதினவளே படத்தை மாத்திட்டான்னு போட்டா என் பிஎச்.டி.யும் போச்சி, வேலையும் போச்சி. அவளுக்குத் தெரியாம நடந்துச்சின்னு போட்டா பொழச்சிக்குவேன்."

"அப்ப புக்கையெல்லாம் வாங்கிக் கிழிச்சிடுவாங்களா?"

"கிழிக்க மாட்டாங்க. நெட்ல அப்டியே இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் குறுக்கால செவப்பு எழுத்துல, திரும்பப் பெறப்பட்டதுன்னு அடிச்சிடுவாங்க."

"அழிச்சிட்டுப் போவ வேண்டிதுதானே?"

"அழிச்சிட்டா, முன்னாடியே படிச்சவனுக்கு எப்டி தெரியும்? இதை நம்பி ஒருத்தன் அவன் ஊர்ல நொச்சி அடிப்பான். இன்னொருத்தன் இதும்மேல ஆராய்ச்சி பண்ணுவான். அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

தப்பை அழிக்காமல் அதன்மேலேயே தப்பு என்று எழுதிவைப்பது துரைராஜ் கேள்விப்படாத தொழில்நுட்பம். அவர் அதுவரை அழித்த குரங்குகள் எல்லாம் ஒருமுறை மனசுக்குள் வந்துபோயின.

அவளுக்கு வேண்டியது அவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். படத்தை மாற்றியது நான், அவளுக்குத் தெரியாது என்று. கேட்கச் சுலபமாக இருந்தது. ஆனால் ஊர் என்ன சொல்லும்? மூன்று மாதத்தில் வரப்போகும் ஜவுளிக்கடை கோதண்டராமன் வீட்டுக் கல்யாணம் அவர் கையில் இருந்தது. படத்தை மாற்றுகிறவன் என்று எழுத்தில் வந்துவிட்டால்? மாற்றச் சொல்லிக் கேட்டு வருவதே இவர்கள்தான் என்றாலும், எழுத்து என்று ஒன்று இருக்கிறதே. துரைராஜ் நிஜமாகவே பயந்தார். பயந்தாலும் எழுத உட்கார்ந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் கடிதத்தில், அன்று பலமான காற்று வீசியபடியால் இலை திரும்பிக்கொண்டது என்று எழுதினார். இரண்டாவது கடிதம் ஏழு பக்கம். அதில் அவருடைய இருபத்தாறு வருஷத் தொண்டும், செஞ்சி வட்டாரத்தில் அவர் நடத்திவைத்த கல்யாணங்களும் இருந்தன. நீலாவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தாள்.

"இன்னாங்க இது? இதுல தப்பு பண்ணது யாரு, காத்தா?"

மூன்றாவது கடிதம் நாலு வரி. ஆடிப்போன படத்துக்குப் பதிலாக வேறு இலையைத் திருப்பி வைத்தது நான். ஷோபனாவுக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டும். அவ்வளவுதான். நீலாவதி தலையாட்டினாள். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் மாத்தினீங்களா?"

துரைராஜ் மின்விசிறியைப் பார்த்தார்.

"எத்தினி?"

"பதினொண்ணு."

"எழுதுங்க."

எழுதினார். ஒருதரம் உண்மையைச் சொல்ல ஆரம்பித்த மனிதருக்கு அதிலும் ஒரு ருசி வந்துவிட்டது. எந்த இலை, எத்தனை புள்ளி, எந்த மூலை என்று அத்தனையும் எழுதினார். ஒரு படத்தில் வெள்ளைத் தட்டின் விளிம்பு உடைந்திருந்ததை ஒட்டவைத்ததைக்கூட விடவில்லை.

மறுநாள் ஷோபனா அதைப் படித்துவிட்டு இலைகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள். ஒரு படம் என்றால் கெஞ்சிக் கூத்தாடித் திருத்தத்தோடு தப்பிக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருந்தாள். இருபத்துநாலு படத்தில் பதினொன்று என்றால் அளவும் போச்சு, கட்டுரையும் போச்சு.

"இதை அனுப்பினா கட்டுரை நிச்சயமா போயிடும் ண்ணா."

"வேணும்னா ஒண்ணு மட்டும்னு எழுதித் தரட்டா?" என்று ரகசியக் குரலில் கேட்டார் துரைராஜ்.

அவள் சுவரில் மாட்டியிருந்த தன் கட்டுரையைப் பார்த்தாள். "வேணாம். எங்க நைனா இந்த வருஷம் மொத்த நெலத்துக்கும் நொச்சிதான் அடிக்கப்போறேன்னு சொல்லிட்டு இருக்காரு, நான் எழுதினதை நம்பி. இதையே அனுப்பறேன்."

அவளே இங்கிலீஷில் மாற்றிக் கொண்டுவந்தாள். துரைராஜ் கையெழுத்துப் போட்டு, ஸ்டுடியோ முத்திரையை மூன்று இடத்தில் குத்தினார். ஒன்று போதும் என்று அவள் சொல்வதற்குள் மூன்றாவதும் விழுந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் அறிவிப்பு வந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இருபத்துநான்கு படங்களில் பதினொன்றைப் புகைப்படக்காரர், ஆசிரியருக்குத் தெரியாமல், அழகியல் நோக்கத்துடன் மாற்றியதாகத் தாமே எழுத்து மூலம் தெரிவித்துள்ளார். அசல் படங்கள் இல்லாததால் அளவுகளைச் சரிபார்க்க இயலவில்லை. ஆசிரியர் இம்முடிவுக்கு உடன்படுகிறார். ஷோபனாவின் வேலை பிழைத்தது. வாய்மொழித் தேர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார் அவளுடைய வழிகாட்டி. அவள் ஒருநாள் முழுக்க அழுதாள். துரைராஜுக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அழகியல் நோக்கத்துடன் என்ற வார்த்தையை மட்டும் இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததைத்தான் கடைத்தெரு இன்னும் பேசுகிறது. பழைய லேமினேஷனைக் கழற்றிவிட்டு, குறுக்கே சிவப்பு எழுத்து அடித்த புதுப் பக்கத்தையும் அறிவிப்பையும் லேமினேஷன் செய்து அதே ஆணியில் மாட்டினார். "இன்னாய்யா இது, ஜப்தி நோட்டீசா?" என்று கேட்காதவர் இல்லை. கேட்ட அத்தனை பேருக்கும் இலையிலிருந்து தொடங்கிக் கதையைச் சொன்னார்.

கோதண்டராமன் வீட்டுக் கல்யாணம் நடந்தது. துபாயில் மாட்டிக்கொண்ட தாய்மாமனைக் குரூப் போட்டோவில் சேர்க்கச் சொன்னார்கள்.

"சேக்கறேன். ஆனா இவர் கல்யாணத்துக்கு வரலைன்னு கீழ எழுதுவேன்" என்றார் துரைராஜ்.

"வராதவரை வரலைன்னு எழுதறதுக்கு இன்னாத்துக்கு ஓய் போட்டோ?" என்று கத்தினார் கோதண்டராமன். ஆல்பம் வேலை திண்டிவனத்துக்குப் போய்விட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து வேலைகள் போயின. நீலாவதி முணுமுணுத்தாளே தவிர, எழுதாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த ஆடிப்பட்டத்தில் மறுபடி இரண்டு பாத்தி. துரைராஜ் தானாகவே கேமராவோடு போய் நின்றார். தாண்டவராயன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "ஸ்டுடியோகாரரே, புள்ளி எங்க பாத்தியோடது. அதுல கைய வெக்காதீங்க" என்றார். ஒவ்வொரு படமும் எடுத்த கையோடு, கார்டு அப்படியே ஷோபனாவின் கைக்குப் போனது. அளந்து பார்த்தால், நொச்சிக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் முதல் தடவையைவிட இரண்டு மடங்கு. நோயாளி இலைகளுக்குப் பாவம் பார்த்து மேக்கப் போட்டு, மருந்தின் பெயரைக் கெடுத்தது துரைராஜேதான். ஷோபனா அவரை அடிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். புதுக் கட்டுரை இப்போது இதழின் பரிசீலனையில் இருக்கிறது. வருமா வராதா என்பது அவர்கள் பாடு.

மார்கழி கடைசியில், கடையில் ஆள் இல்லாத ஒரு மதியம், துரைராஜ் தன் கல்யாணப் படத்தைக் கழற்றினார். ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடியின் கீழே ஒட்டினார். பின்வரிசை, வலக்கோடி, எழிலன். கல்யாணத்துக்கு வரவில்லை. நீலாவதி அதைப் படித்தாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் திரும்ப மாட்டினாள்.

பொங்கலுக்கு எழிலன் கரும்புக் கட்டோடு வந்தான். வழக்கம்போல் படத்தின் முன் நின்று, "அன்னிக்கு பாயசத்துல..." என்று ஆரம்பித்தவன் சீட்டைப் பார்த்துவிட்டான். இரண்டு தரம் படித்தான்.

"நான் வந்தேனே மாப்ள."

"இல்ல மச்சான். அது கிரிக்கெட் தலை. நாந்தான் ஒட்டினேன்."

எழிலன் கரும்பைச் சுவரில் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று துரைராஜ் ஓர் அடி தள்ளி நின்றார். அவன் கோபப்படவில்லை.

"ஆமா. பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வல்லம் பஸ் ஸ்டாப்ல குந்தினு இருந்தேன். மூணு பஸ்ஸு போச்சி. யார்னா ஒருத்தர் வந்து கூப்ட்டா ஏறிடலாம்னு பாத்தேன். யாரும் வர்ல. மறந்தே பூட்டேன் பாரேன்."

"நானும் மேடையில ஒக்காந்துனு மண்டப வாசலையேதான் பாத்துனு இருந்தேன் ண்ணா. எப்டியும் நீ வந்துடுவேன்னு" என்றாள் நீலாவதி.

துரைராஜ் படத்தை நிமிர்ந்து பார்த்தார். ஓரமாகத் திரும்பிய அந்தப் பார்வைக்குத்தான் இருபத்துநாலு வருஷமாக அவர் சுணங்கிக்கொண்டிருந்தார். கத்தரி அன்று எட்டியிருந்தால் அதையும் நேராக்கியிருப்பார்.

தெரிந்த வேலையைச் செய்தார். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, டைமரைப் போட்டு, இரண்டு பேரையும் சுவரோரம் நிறுத்தினார். எழிலன் வலக்கோடியில். ஓடிப்போய் அவரும் நின்றுகொண்டார்.

படத்தில் எழிலனுக்குக் கண் பாதி மூடியிருந்தது. துரைராஜின் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. சாத்திவைத்த கரும்பு ஒன்று சரிந்து குறுக்கே விழுந்துகொண்டிருந்தது. நீலாவதி இந்தத் தடவையும் கேமராவைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரைராஜ் அதை அப்படியே பிரிண்ட் போட்டார்.